பெரியம்மா கேட்ட கத்தி

பழைய இரும்புக் கடைக்குள் ஒரு பெண் தனியாக நுழைவதைப் பதுளையில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நான் முதல் தடவை போனபோது முதலாளி, "என்னா மிஸ், பாத்திரம் போட வந்தீங்களா?" என்று கேட்டார். வாங்க வந்திருக்கிறேன் என்றேன். "தேயிலை கவ்வாத்து வெட்டுற கத்தி வேணும். பழசா இருக்கணும்." அவர் கடைப்பையனைப் பார்த்தார். கடைப்பையன் என்னைப் பார்த்தான். இது நடந்து ஆறு வருடங்கள் இருக்கும். இன்று அதே கடையில் எனக்கென்று ஒரு மரப்பெட்டி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். சமூகவியல் படித்துவிட்டு, இப்போது ஊவாத் தோட்டங்களில் பெண்கள் குழுக்களோடு வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் மண்வெட்டி, முள்ளு, அலவாங்கு, சுரண்டி எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் ஆயுதம்தான். சரஸ்வதி பூசைக் காலத்தில் அவற்றைக் கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். ஒருமுறை வடக்கில் நடந்த பயிற்சி வகுப்பில், "எனக்குப் பழைய ஆயுதங்கள் சேர்க்கும் பழக்கம் இருக்கிறது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அறை முழுவதும் சத்தம் அடங்கிப் போயிற்று. ஒரே தமிழ்ச் சொல் பசறையில் ஒரு பாரமாகவும் கிளிநொச்சியில் இன்னொரு பாரமாகவும் இருக்கிறது. அன்றிலிருந்து கருவி என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் பெரியம்மாவால் வந்தது. அம்மாவின் மூத்த அக்கா அவர். 1983 யூலையில் பதுளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்ததை மலையிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். 1977 இல் ஒருமுறை பயந்தவர்கள். இனி இங்கே பிழைப்பு இல்லை என்று பெரியப்பா முடிவெடுத்தார். ஏற்கனவே வன்னிக்குப் போன உறவினர்களைத் தேடி இரண்டு பிள்ளைகளோடு கிளிநொச்சிக்குப் போனார்கள். பெரியப்பா தோட்டத்தில் கவ்வாத்துக்காரர். உடுப்பு மூட்டைக்குள் தன் கத்தியையும் சுற்றி எடுத்துப் போனார். வன்னியில் தேயிலை ஏது? அந்தக் கத்திதான் காடு வெட்டியது, வேலிக்குக் கதியால் வெட்டியது, கூரைக்குத் தடி சீவியது. 26 வருடங்கள் அவர்களோடு இருந்தது. 2009 இல் பெரியப்பா போய்விட்டார். கத்தி எங்கே விழுந்தது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. "செக்கிங்கில கத்தியோட நிக்க முடியுமா? எங்கயோ போட்டுட்டு ஓடினது" என்பார். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்து பல வருடங்களுக்குப் பிறகு, தொலைபேசியில் ஒருநாள் கேட்டார்: "அங்கிட்டு அந்த மாதிரிக் கத்தி ஒண்ணு கிடைக்குமா, மகள்?"

கவ்வாத்துக் கத்தியைப் பார்க்காத சகோதரிகளுக்குச் சொல்கிறேன். அலகு நீளமாக, நுனியில் உள்பக்கம் வளைந்திருக்கும். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை தாழ வெட்டிவிட வேண்டும், விட்டால் மரமாகிவிடும். வெட்டு சாய்வாகவும் ஒரே வீச்சிலும் விழ வேண்டும். கிளை பிளந்தால் அந்த இடத்தில் தண்ணீர் தங்கி அழுகும். அதனால் கவ்வாத்துக்காரர்கள் சாணைக்கல்லைக் கூடவே கொண்டு போவார்கள். தீட்டத் தீட்ட அலகு ஒடுங்கிக்கொண்டே வரும். இரண்டு விரல் அகலமாக வந்த கத்தி கடைசியில் ஒரு விரல் அகலத்தில் நிற்கும். செய்தவரின் முத்திரை பிடிக்குப் பக்கத்தில் இருப்பதால் கடைசிவரை தப்பும், அதையும் துரு தின்னாவிட்டால்.

கத்தியைத் தேடிப் போன இடங்களில் வேறு பொருட்களும் கைக்கு வந்தன. ஒருநாள் 'சிரோக்கோ, பெல்பாஸ்ட்' என்று எழுத்துக்கள் புடைத்த வார்ப்பிரும்புத் தகடு கிடைத்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. எங்கள் ஸ்டோரில் தேயிலை காய வைக்கும் இயந்திரத்துக்கே சிரோக்கோ என்றுதான் பெயர். அம்மா அங்கே தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டு போன நாட்களில், நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசித்த ஆங்கிலச் சொல் அதுதான். அது சகாரா பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வீசும் சூடான காற்றின் பெயர் என்பது பல்கலைக்கழகம் போன பிறகே தெரிந்தது. சாமுவேல் டேவிட்சன் என்ற அயர்லாந்து இளைஞர் 1864 இல் கச்சார் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர். சூடான காற்றால் தேயிலையைக் காய வைக்கும் இயந்திரத்தைச் செய்து, 1881 இல் பெல்பாஸ்டில் பட்டறை தொடங்கினார். கொழுந்தை உருட்டும் ரோலர்கள் பல, வில்லியம் ஜாக்சன் என்பவர் வடிவமைத்து இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோ நகரத்து மார்ஷல் கம்பனி செய்தவை. 1848 இல் தொடங்கிய அந்தக் கம்பனியின் பெரிய தொழிற்சாலை இருந்த இடம் 2007 இலிருந்து கடைத்தொகுதி. நம் நாட்டிலும் ஆள் இருந்தார். ஜோன் வோக்கர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1854 இல், கோப்பிக் காலத்திலேயே, கண்டியில் பட்டறை போட்டவர். பிறகு அந்தக் கம்பனி தேயிலை இயந்திரங்களும் செய்தது.

இவ்வளவு இரும்பும் எப்படி எங்கள் மலைக்கு ஏறியது? அப்புத்தளைக்கு ரயில் வந்தது 1893 இல், பண்டாரவளைக்கு 1894 இல். பதுளையை அடைய 1924 ஆகிவிட்டது. அதற்கு முன் மிச்சத் தூரம் மாட்டு வண்டி, அதற்கு மேலே மனிதத் தோள்.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இடையிலும் பிறகும் எத்தனையோ ஸ்டோர்கள் மூடப்பட்டன. இயந்திரங்கள் கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போயின. மண்சரிவுப் பயத்தில் லயங்களை விட்டு வேறிடம் போகும் குடும்பங்களும் துருப்பிடித்த சாமான்களைத்தான் முதலில் கழிக்கின்றன. என் மரப்பெட்டி இப்படித்தான் நிறைகிறது.

அப்படி வந்த ஒன்றுதான் கொழுந்துத் தராசு. கொக்கியில் தொங்கவிடும் வட்ட முகத் தராசு, முகத்தில் 'சால்ட்டர்' என்ற பெயர். இங்கிலாந்தின் வெஸ்ட் புரோம்விச் நகரத்தில் வில் தராசு செய்த பழைய கம்பனி அது. அதன் தொழிலாளர்கள் 1878 இல் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம் இன்றும் இருக்கிறது என்று வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. தராசைச் செய்தவர்கள் பின்னேரங்களில் பந்து விளையாடியிருக்கிறார்கள்.

நான் அதைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மாயிக்கு எண்பது கடந்துவிட்டது. திண்ணையில் இருந்தவர் தராசைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதை உள்ளுக்குக் கொண்டாராத. இந்த முள்ளு ஒருநாளும் எங்களுக்கு நேரா நின்னதில்ல" என்றார்.

கொழுந்து மடுவத்தில் கூடை நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழை பெய்யாத நாளிலும் ஈரம் கழிந்தது என்கிறார் அம்மாயி. சில இறாத்தல் குறைந்தால் அன்று அரைப்பேர்தான். அதுவும் ஆண்களை விடக் குறைந்த சம்பளத்தில். பெண்களுக்குச் சமமான நாட்கூலி 1984 இல்தான் கிடைத்தது. அம்மாயி வாசிக்கத் தெரியாதவர். முள் எங்கே நின்றது என்று பார்ப்பார்; என்ன எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கடையில் ஐந்து கிலோ அரிசிப் பொதி வாங்கி வந்து தராசில் தொங்கவிட்டேன். பழைய தராசு, இறாத்தல் கணக்கு. ஐந்து கிலோ என்றால் பதினொரு இறாத்தல். முள் சரியாகப் பதினொன்றில் நின்றது. இரண்டாவது பொதியையும் மாட்டினேன். இருபத்திரண்டு. அம்மாயியிடம் சொன்னேன். நம்பவில்லை, இன்னொருமுறை மாட்டச் சொன்னார். எழுந்து வந்து முள்ளை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப இந்தச் சனியன் மேல இத்தன வருசமா சும்மாதான் கோவப்பட்டிருக்கேன்" என்றார். அந்தத் தராசு இப்போது திண்ணையிலேயே தொங்குகிறது. லயத்துப் பெண்கள் கடைச் சாமான்களைக் கொண்டுவந்து அதில் நிறுத்துப் பார்க்கிறார்கள். சமூகவியலில் உழைப்பு அந்நியமாதல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சையில் சித்தியடைந்தவள் நான். அதில் பாதியை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

கத்தி மட்டும் கிடைக்கவில்லை. கிடைத்தவை புதியவை, அல்லது பெரியம்மா சொன்ன அடையாளம் இல்லாதவை. அவர் சொன்ன அடையாளம் பிடிதான். கொய்யா மரத்தில் பெரியப்பா சீவியது, அடியில் தகர வளையம். அதே கத்தி கிடைக்காது என்று அவருக்கும் தெரியும். அந்தச் சாயலில் ஒன்று. மூன்றாவது வருடம் லுணுகலைப் பக்கத்து வீடொன்றில், கோழிக்கூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளாகச் செருகியிருந்த ஒன்றைக் கண்டேன். 'ஷெபீல்ட்' என்ற ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தது. செய்தவர் பெயரைத் துரு தின்றுவிட்டது.

பிடி உடைந்திருந்ததால் பசறையில் ஒரு கொல்லுப் பட்டறைக்குக் கொண்டு போனேன். வயதானவர், கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அலகு மட்டும்தான் சீமை, தங்கச்சி. வாலு முறிஞ்சு எங்கப்பா புதுசா வச்சது இது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வால் தொடங்கும் இடத்தில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தார். முக்கோணமாக மூன்று புள்ளிகள். அவருடைய அப்பா ஒட்டிய ஒவ்வொன்றிலும் உளியால் மூன்று புள்ளி வைப்பாராம். எழுதத் தெரியாதவர், அதுதான் கையெழுத்து.

அன்று இரவு மரப்பெட்டியைக் கொட்டி விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தேன். ஒரு சுரண்டியில் இருந்தது. ஒரு முள்ளில் இருந்தது. இரண்டு கத்திகளில் இருந்தது. பெல்பாஸ்ட் எங்கே, கெய்ன்ஸ்பரோ எங்கே என்று தேடிப் படித்த நான், இரண்டு மைல் தள்ளி இருந்த பட்டறையின் முத்திரையை அழுக்கு என்று நினைத்திருக்கிறேன்.

கண்டி ஹந்தானையில் 2001 இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் பெரிய கம்பனிகளின் இயந்திரங்களைப் பார்க்கலாம். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 இல் அமைத்த தொழிலாளர் அருங்காட்சியகம் பழைய லயத்துக்குள்ளேயே இருக்கிறது. நம்மவர்கள் பாவித்த பொருட்கள் அங்கே உண்டு. வசதி கிடைத்தால் இரண்டாவதற்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

பழைய பொருள் சேர்ப்பவர்கள் ஒரு விதி சொல்வார்கள்: துருவைச் சுரண்டாதே, சாணை பிடிக்காதே, அடையாளம் அழிந்துவிடும். நானும் பிடியை மட்டும் கொய்யாக் கட்டையில் போட்டு, அலகில் கை வைக்காமல், சாரத் துணியில் சுற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டு போனேன். மனதுக்குள் ஒரு திட்டமும் இருந்தது. பெரியம்மா பார்த்துவிட்டு, பத்திரமாக வைக்க என்னிடமே திருப்பித் தருவார் என்று.

முற்றத்தில் வைத்துத் துணியைப் பிரித்தார். பிடியைப் பிடித்து ஒருமுறை காற்றில் வீசினார். "பாரம் சரி" என்றார். பெருவிரலால் கூரைத் தடவி உதட்டைப் பிதுக்கினார். கிணற்றடிக்குப் போய்க் கல்லை எடுத்துத் தண்ணீர் தெளித்தார். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். ஷெபீல்ட் என்ற எழுத்துக்களுக்கு மேலே அவர் தீட்டத் தொடங்கினார்.

பின்னேரம் வேலியோரம் கிளுவை கிளைகள் ஒரே வீச்சில் சாய்வாக விழுந்து கிடந்தன.