அடுத்து வந்தவர்

பெரிய மனிதர் ஒருவர் எழுந்து போன நாற்காலியில் உட்காருவதைப் போன்ற அவஸ்தை உலகத்தில் வேறு இல்லை. நாற்காலி என்னவோ சௌகரியமானதுதான். ஆனால் எதிரே இருப்பவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை. நம்முடைய தோளுக்கு மேலே, அவருடைய தலை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதை நான் இரண்டு இடங்களில் கண்டேன். ஒன்று, என்னுடைய எழுத்துத் தொழிலில்; அதைப் பின்னால் சொல்கிறேன். மற்றொன்று, கூடைப்பந்து ஆட்டத்தில். "உமக்கும் கூடைப்பந்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பள்ளிக்கூட நாட்களில் பந்து என்னைத் தேடி வந்தபோதெல்லாம் மரியாதையாக விலகி நின்று வழிவிட்ட ஆசாமி நான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் உத்தியோகம் பார்க்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, "வாங்க அண்ணா, ஒரு மாட்ச் பார்த்துவிட்டு வரலாம்" என்று அழைத்துப் போனான். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து மாணவர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. நம்முடைய தேர்த் திருவிழா மாதிரி. படித்து முடித்து ஐம்பது வருஷம் ஆனவர்களும் வந்து கத்துகிறார்கள். நாங்கள் போனது யு.ஸி.எல்.ஏ. என்ற பல்கலைக் கழகத்தின் பாலி பெவிலியன் அரங்கம். ஆண்கள் கூடைப்பந்தில் அவர்கள் வென்ற தேசியப் பட்டங்கள் 11. வேறு எந்தக் கல்லூரிக்கும் அத்தனை இல்லை. அவற்றில் 10 பட்டங்கள், 1964 முதல் 1975 வரை 12 வருஷங்களுக்குள், ஜான் வூடன் என்ற ஒரே பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்தவை. மீதி ஒன்று 1995-ல் வந்தது.

என் பக்கத்தில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய அணி அப்போது பத்துப் புள்ளி முன்னால் இருந்தது. அவர் முகத்திலோ சந்தோஷம் இல்லை. "வூடன் இருந்தால் இப்படி ஆட விடுவாரா?" என்று பெருமூச்சு விட்டார். ஜயித்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் புலம்பல் என்றால், தோற்றால் என்ன பாடு! அந்தக் கணத்திலிருந்து, வூடனைவிட அவருக்கு அடுத்து வந்தவர்மேல் எனக்கு அக்கறை உண்டாகிவிட்டது.

அவர் பெயர் ஜீன் பார்ட்டோ. 1975-ல் வந்தார். இரண்டு வருஷத்தில் 61 ஆட்டம். 52 ஜயம், 9 தோல்வி. முதல் வருஷமே அணியைத் தேசிய அரையிறுதிக்குக் கொண்டுபோனார். நம் ஊராக இருந்தால் மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்பார்கள். அவருக்குக் கிடைத்ததோ குறையும் வசவும். 1977-ல் விலகிவிட்டார். அடுத்து வந்த காரி கன்னிங்ஹாம் 58 ஆட்டத்தில் 50-ஐ வென்றார். அவரும் இரண்டே வருஷத்தில் போய்விட்டார். பிற்காலத்தில் பென் ஹௌலண்ட் என்பவர் 2006, 2007, 2008 என்று மூன்று வருஷம் தொடர்ந்து அணியைக் கடைசி நான்கில் நிறுத்தினார். 2013-ல் அவரையும் அனுப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவே, ஓய்வு பெற்ற வூடன் அதே அரங்கத்தில், அணியின் பெஞ்சுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார். பரம சாது. கையெழுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுப்பார். ஆனால் அவர் அங்கே இருப்பதே போதாதா? 2010-ல், 99 வயதில் காலமானார்.

இப்போது என் கதை. பல வருஷங்களுக்கு முன், ஒரு வாரப் பத்திரிகையில் பிரபல எழுத்தாளர் ஒருவரின் தொடர்கதை முடிந்த மறுவாரம், அதே பக்கத்தில் என்னுடையது ஆரம்பமாயிற்று. மூன்றாவது வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார்: "கதை நன்றாகவே இருக்கிறது. அவர் மறுபடி எப்போது எழுதுவார்?" திட்டியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். திட்டுக்குப் பதில் உண்டு. இதற்கு என்ன பதில் எழுதுவது? கடிதம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

ஆகவேதான் வூடனின் கதையைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது 1964-க்குப் பிந்திய வூடனை. அவர் வேலைக்கு வந்ததோ 1948-ல். அப்போது அரங்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மூன்றாவது மாடியில், மல்யுத்தக்காரர்களும் பழகும் ஒரு பழைய கூடம். பயிற்சிக்கு முன் தூசி போகத் தரையைத் தாமே துடைப்பாராம். முதல் நாள் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுத்த பாடம், காலுறை அணிவது! சுருக்கம் விழுந்தால் கொப்புளம். கொப்புளம் வந்தால் ஆட்டம் போச்சு. இப்படி 15 பருவங்கள். ஆட்டங்களில் ஜயம் வந்துகொண்டுதான் இருந்தது. தேசியப் பட்டம் மட்டும் வரவில்லை. பதினாறாவது பருவத்தில்தான் அதுவும் வந்தது.

வந்த பிறகாவது நிம்மதி உண்டா? 1974-ல் அரையிறுதியில் தோற்றார்கள். மறு வருஷம் கடைசிப் பட்டத்தை வென்று அவர் விடைபெற்ற அன்றே, ஒரு அபிமானி வந்து, போன வருஷம் ஏமாற்றியதற்கு இது சரியாய்ப் போயிற்று என்றாராம். வூடனே சொன்ன சம்பவம் இது. பத்துப் பட்டம் வாங்கியவருக்கே இந்தக் கதி என்றால் பார்ட்டோ எம்மாத்திரம்?

காலமும் மாறிவிட்டது. அன்று பட்டத்துக்கு நாலைந்து ஆட்டம் ஜயித்தால் போதும். இன்று ஆறு வேண்டும். ஆல்சிண்டர், வால்டன் போன்ற மகா சூரர்கள் வூடனிடம் மூன்று பருவம் நிலையாக ஆடினார்கள். இன்று அத்தகைய பையன் ஒரு வருஷம் ஆடிவிட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடுகிறான். அல்லது அதிகப் பணம் கிடைக்கிற வேறு கல்லூரிக்கு மாறுகிறான். 1948-ஐப் போல் காத்திருக்கச் சொன்னால் யார் காத்திருப்பார்கள்?

இருந்தாலும் ரசிகர்களின் ஆசையைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. 2021-ல் தகுதிச் சுற்றிலிருந்து முட்டி மோதிக் கடைசி நான்குக்கு வந்த அணி, கூடுதல் நேரத்தின் கடைசிக் கணத்தில், எதிரி அணிப் பையன் ஒருவன் நடு மைதானத்துக்கு அருகிலிருந்து எறிந்த பந்தினால் தோற்றது. தோற்ற அந்த அணியைப் பற்றி என் தம்பி இன்னும் கண் கலங்கப் பேசுகிறான். பழைய கணக்கை மறந்து, எதிரே நின்ற பிள்ளைகளை மட்டும் அவன் பார்த்த நாள் அது.

பார்ட்டோ என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அலபாமா மாகாணத்தில் பர்மிங்ஹாம் நகரத்துக்குப் போனார். அந்தப் பல்கலைக் கழகத்தில் கூடைப்பந்து அணியே கிடையாது. ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாக ஓர் அணியை உண்டாக்கி, 1996 வரை அங்கேயே இருந்தார். 2018 டிசம்பர் கடைசியில் யு.ஸி.எல்.ஏ. தன் பயிற்சியாளரை நீக்கியபோது, அந்தப் பருவத்தின் மிச்ச மாதங்களுக்குத் தகப்பனார் விட்டுப் போன நாற்காலியில் உட்கார்ந்தவர் அவருடைய மகன் மரி பார்ட்டோ.

பர்மிங்ஹாமில் பார்ட்டோவை யாருடனும் ஒப்பிட வழியில்லை. அவருக்கு முன்னால் அங்கே யாரும் இல்லை. இன்று அந்த அரங்கத்துக்கே அவர் பெயர்தான். அங்கே அடுத்தடுத்து வருகிறவர்களைப் பார்த்து, "பார்ட்டோ இருந்தால் இப்படி ஆட விடுவாரா?" என்று யாராவது ஒரு முதியவர் பெருமூச்சு விடாமலா இருப்பார்?