இரண்டே காட்சி

மே மாதம் பிறந்தால் சென்னையில் எல்லாரும் வெயிலைப் பற்றித்தான் பேசுகிறோம். கத்திரி எப்போது தொடங்குகிறது, ஏரிகளில் தண்ணீர் எவ்வளவு மிச்சம், பங்கனப்பள்ளி கிலோ என்ன விலை. நானும் பேசுகிறேன். பேச்சின் நடுவே மாலை ஐந்தரை ஆகிவிட்டதா என்று கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வருகிறது. இங்கே ஐந்தரைக்கு எனக்கு எந்த வேலையும் கிடையாது. அங்கே ஐந்தரைக்கு ஒரு கதவைச் சாத்துவார்கள். அங்கே ஐந்தரை என்றால் இங்கே மறுநாள் விடிகாலை நாலு மணி. கணக்கு எனக்குத் தெரியும், மனசுக்குத்தான் தெரியவில்லை.

அங்கே என்பது அயோவா சிட்டி. அமெரிக்காவின் நடுப்பகுதியில், மக்காச்சோள வயல்களுக்கு இடையே ஒரு சின்ன ஊர். ஊருக்குள் ஓர் ஆறு, ஆற்றின் இரு கரையிலும் ஒரே பல்கலைக்கழகம். தமிழில் வாசிக்கிறவர்கள் பலருக்கு அந்த ஊரை அசோகமித்திரன் ஏற்கனவே காட்டியிருக்கிறார். 1973-ல் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்காக அங்கே போய்ச் சில மாதங்கள் தங்கியவர், அந்த நாட்களைத்தான் ‘ஒற்றன்’ என்ற நாவல் ஆக்கினார். குளிரும் தனிமையுமாக நம் மனதில் நிற்கிற ஊர் அது. குளிர் உண்மைதான். ஆனால் குளிர் விலகிய பிறகு அந்த ஊருக்கு ஒரு வாரம் உண்டு. என் ஏக்கமெல்லாம் அந்த வாரத்தின் மேல்.

நாடகம் எழுதுவதையே மூன்று வருட முதுகலையாகப் படிக்கிற மாணவர்கள், தாங்கள் எழுதிய புது நாடகங்களை மே மாதத் தொடக்கத்தில் வரிசையாக மேடையேற்றுவார்கள். அயோவா புதிய நாடக விழா என்று பெயர். நான் இருந்த காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு நாடகத்தை வாசிப்பார்கள். மாலை ஐந்தரைக்கு வேறொரு நாடகம், விளக்கு, உடை, அரங்க அமைப்பு எல்லாம் சேர்த்து. அதே நாடகம் இரவு ஒன்பதுக்கு மறுபடி. மறுநாள் வேறு நாடகம். இரண்டே காட்சி, அதோடு சரி. ஒருவர் மாதக்கணக்கில் எழுதி, அடித்து, திருத்தி, பிறகு ஒரு கூட்டமே சேர்ந்து வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்து, கடைசியில் ஒரே சாயங்காலத்தில் பிறந்து அன்று இரவே முடிந்துபோகிற ஒன்றைப் பார்க்க, நாங்கள் வரிசையில் நிற்போம்.

நான் அங்கே படித்தது நாடகமில்லை, நீரியல். அந்த நாடகக் கட்டடத்துக்குள் நான் முதலில் நுழைந்ததே தண்ணீர் எதுவரை ஏறியிருந்தது என்று பார்ப்பதற்காகத்தான். 2008 ஜூன் 15-ம் தேதி அயோவா ஆறு 31.53 அடி உயரத்தைத் தொட்டது. 1993 வெள்ளத்தின் அளவையும் தாண்டிவிட்டது. ஆற்றை ஒட்டியிருந்த கலைக் கட்டடங்கள் எல்லாம் தண்ணீரில் நின்றன. ஹான்சர் என்ற பெரிய அரங்கத்தை இடித்தே விட்டார்கள், புது ஹான்சர் எழும்பித் திறக்க 2016 ஆனது. நாடகக் கட்டடம் பிழைத்துக்கொண்டது. எண்களைத் தேடிப் போன நாளில் உள்ளே யாரோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கில் நின்றேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தக் கேட்காமையைத்தான் முதலில் இழந்தேன் என்று தோன்றுகிறது. இப்போது எங்கே போனாலும் செல்போனில் டிக்கெட்டைக் காட்ட வேண்டியிருக்கிறது, பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது அந்த நடைப்பாலம். மாணவர் மன்றத்துக்குப் பின்னாலிருந்து ஆற்றைக் கடந்து நாடகக் கட்டடத்துக்குப் போகிற பாலம், கீழே வாத்துகள். ஐந்தரைக் காட்சிக்கு வெயிலில் நடந்து போவோம், முடிந்து வரும்போதும் வெயில் மிச்சமிருக்கும். மே மாதத்தில் அங்கே சூரியன் மறைய எட்டு மணிக்கு மேல் ஆகும். இரண்டு மணி நேரம் இருட்டில் யாரோ ஒருவருடைய குடும்பம் உடைந்து சிதறுவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், உலகம் ஒன்றுமே நடக்காத மாதிரி பளிச்சென்று இருக்கும். கண் கூசும். யாரும் உடனே பேச மாட்டார்கள். பாலத்தின் நடுவில் யாராவது ஒருவர் நின்று, “அந்த அம்மா உண்மையிலேயே செத்துப்போனாளா?” என்று கேட்பார். அதற்கப்புறம் பேச்சு நிற்காது.

கட்டடத்துக்குள் மூன்று அரங்குகள். பெரியது மேபி அரங்கு, அடுத்தது தேயர், மூன்றாவதற்கு அப்போது பெயர்கூட வைக்காமல் ‘தியேட்டர் பி’ என்று விட்டிருந்தார்கள். தினமும் ஒரு நாடகம் என்பதால் பொருட்கள் அரங்கு விட்டு அரங்கு நடக்கும். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த பச்சை சோபா புதன்கிழமை ஒரு பாட்டியின் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். பார்த்ததும் பாதிக் கூட்டம் சிரிக்கும். இருபது வயதுப் பையன் எழுபது வயதுத் தாத்தாவாக வருவான். தலையில் வெள்ளை பூசியிருக்க மாட்டான், முதுகையும் வளைக்க மாட்டான், நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான். அவன் தாத்தா இல்லையென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவழித்த ஒப்பனையைத் திரையில் பார்க்கும்போது, ரப்பர்தான் தெரிகிறது.

ஆனால் நான் உண்மையில் ஏங்குவது ஒரு குரலுக்கு. பிற்பகல் வாசிப்பில் மேடை இருக்காது, ஒளி மாறாது. வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாட்டுக்காரர்கள் தாள் வைக்கிற தாங்கி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். நடிகர்கள் கையில் பிரதியோடு உட்கார்ந்து வாசிப்பார்கள். ஓரத்தில் ஒரு பெண் இருப்பாள். அவளுக்குப் பாத்திரம் கிடையாது. அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதை வாசிக்கிறது மட்டும் அவள் வேலை. அவன் ஜன்னலுக்குப் போகிறான். மழை வலுக்கிறது. அவள் கடிதத்தைப் பிரிக்காமல் மேஜைமேல் வைக்கிறாள். நடிப்பே இல்லாத குரல், மருந்துச் சீட்டு வாசிக்கிற குரல். எந்தச் சொல்லையும் அழுத்த மாட்டாள். எதிரே உட்கார்ந்திருக்கிற அவன் ஜன்னலுக்குப் போவதில்லை, அங்கே ஜன்னலும் இல்லை, வெளியே மழை இல்லை, நல்ல வெயில். ஆனாலும் அவள் சொன்னதும் எங்களுக்கு மழை கேட்டது. கடைசிப் பக்கத்தில் அவள், “விளக்குகள் அணைகின்றன” என்பாள். ஒரு விளக்கும் அணையாது. குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, இருட்டுக்குள் உட்கார்ந்திருப்போம். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் தாளை மூடுகிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ, என்ன வேலை பார்க்கிறாளோ.

எழுதியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. காட்சி நடக்கும்போது அவர்கள் உட்கார மாட்டார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவரோடு சுவராக, முகூர்த்த நேரத்தில் பந்தல் ஓரம் நிற்கிற பெண்ணின் அப்பாவைப் போல நிற்பார்கள். மேடையைப் பார்க்கவே மாட்டார்கள், எங்கள் பின்தலைகளைத்தான் பார்ப்பார்கள். எங்கே தலை சாய்கிறது, எங்கே யாரோ செருமுகிறார், அழவேண்டும் என்று தான் எழுதிய இடத்தில் எதற்காகச் சிரிக்கிறார்கள். ஐந்தரைக் காட்சிக்கும் ஒன்பது மணிக் காட்சிக்கும் நடுவே படிக்கட்டில் உட்கார்ந்து யாராவது ஒருவர் பேனாவால் வரிகளை அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரவுக் காட்சிக்குப் போனால் அந்தச் சிரிப்பு இருக்காது. அந்த வரியே இருக்காது. இரண்டு காட்சியும் பார்த்த எங்களுக்கு மட்டும், இல்லாத வரி காதில் விழும்.

எனக்குப் பக்கத்தில் அநேகமாக ஒரு மூதாட்டி உட்காருவார். பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, உள்ளூர்க்காரர். அவருடைய பிள்ளைகளோ பேரர்களோ யாரும் அந்தத் துறையில் படிக்கவில்லை. முடிந்ததும் என் பக்கம் திரும்பி, எப்படி என்று கேட்பார். நன்றாயிருந்தது என்றால் விட மாட்டார். எது நன்றாயிருந்தது, எங்கே அலுத்தது, எந்தப் பாத்திரம் வாயைத் திறந்தபோது நீ கைக்கடிகாரத்தைப் பார்த்தாய்? வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு மே மாதம் பிடித்தது. நம் ஊரில் ஒரு படைப்பைப் பற்றி முகத்துக்கு நேரே பேசுவதென்றால் ஒன்று மாலை, இல்லாவிட்டால் கல். அவர் கேட்டது இரண்டும் இல்லை.

அந்த ஊருக்கு இதில் பழைய பழக்கம் உண்டு. பட்டத்துக்கு ஆய்வேடுதான் வேண்டுமென்று இல்லை, எழுதிய படைப்பையே கொடுக்கலாம் என்று 1922-லேயே ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகம் அது. டென்னசி வில்லியம்ஸ் அங்கே படித்து 1938-ல் பட்டம் வாங்கினார். அங்கே இருந்தபோது ‘ஸ்பிரிங் ஸ்டார்ம்’ என்றொரு நாடகம் எழுதி வகுப்பில் வாசித்தார், யாருக்கும் பிடிக்கவில்லை. ஆசிரியர் மேபிக்கும் பிடிக்கவில்லை. அது அச்சில் வந்தது 1999-ல், எழுதியவர் செத்துப் பதினாறு வருடம் கழித்து. பெரிய அரங்குக்கு அந்த மேபியின் பெயர்தான் வைத்திருக்கிறது. எனக்கு இதில் கோபம் இல்லை. நாடகங்களை நேசித்து ஒரு துறையையே வளர்த்தவருக்கும் ஒரு நாடகம் பிடிபடாமல் போகலாம். நான் நினைத்துப் பார்ப்பது வேறு: அந்தப் பையனுக்கு இரண்டே இரண்டு காட்சி கிடைத்திருந்தால், கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று அவன் எந்த வரியை அடித்திருப்பான்?

அங்கே படித்தவர்களில் பெயர் வாங்கியவர்களும் உண்டு. லீ பிளெஸ்ஸிங் எழுதிய ‘எ வாக் இன் த வுட்ஸ்’ நாடகத்தை நசீருதீன் ஷாவின் குழு இந்தியா, பாகிஸ்தான் கதையாக மாற்றிப் போட்டது. சாமுவேல் டி. ஹண்டரின் ‘தி வேல்’ 2022-ல் சினிமாவாகி, அதில் நடித்த பிரெண்டன் ஃபிரேசருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்தை நான் வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டு பார்த்தேன். நல்ல படம். நடுவில் நிறுத்திக் காபி போட்டேன், கூரியர்காரருக்குக் கதவு திறந்தேன், கொஞ்சம் பின்னால் போய் மறுபடி பார்த்தேன். லண்டன் நாடகங்களின் பதிவுகளையும் அப்படித்தான் பார்க்கிறேன். நடிகரின் கண்ணீர் உருள்வதுவரை தெரிகிறது. எதுவும் தப்பிப் போவதில்லை. தப்பிப் போகாத எதன் மேலும் எனக்கு அந்த ஏக்கம் வருவதில்லை.

சென்னையில் நாடகமே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. நல்ல நாடகங்கள் பார்க்கிறேன், கைதட்டுகிறேன். அவை அநேகமாக ஏற்கனவே நல்லவை என்று தீர்மானமானவை. நான் தீர்மானிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அயோவாவில் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் சுமார்தான். சில மோசம், ஒன்றிரண்டு தாங்கவே முடியாதவை. தலைப்புகள் மறந்துவிட்டன. ஒரு பெண் செத்துப்போன அப்பாவின் டிராக்டரை விற்கப் போய், விலை பேசிக்கொண்டே இருக்கிறாள், விற்க மாட்டேன் என்கிறாள். இரண்டு சகோதரர்கள் மோட்டல் வாசலில் விடிய விடிய யார் அம்மாவுக்கு போன் செய்வது என்று சண்டை போடுகிறார்கள். யார் செய்தார்கள், கடைசியில்? ஞாபகமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் புத்தகம் கிடையாது, பதிவு கிடையாது. எழுதியவரின் கணினியில் ஏதோ ஒரு கோப்பாக இருக்கலாம். அந்தச் சண்டை நடந்ததற்கு அன்று உள்ளே இருந்த கொஞ்சம் பேர்தான் சாட்சி, நாங்களும் உலகமெங்கும் சிதறிவிட்டோம். நீங்களும் ஏதோ ஓர் ஊரை விட்டு வந்தவராக இருந்தால், இனி யாரிடமும் சரிபார்க்க முடியாத ஏதோ ஒன்று உங்களிடமும் இருக்கும். அதை நினைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கல்லூரியிலோ நாடகப் பள்ளியிலோ மாணவர்கள் தாங்களே எழுதிய நாடகத்தைப் போடுகிறார்கள் என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டால், தெரிந்தவர் பிள்ளை யாரும் அதில் நடிக்காவிட்டாலும், போங்கள். முன்வரிசையில் உட்காருங்கள், போனை அணைத்துவிடுங்கள், அலுத்தாலும் பாதியில் எழுந்து வராதீர்கள். முடிந்ததும், சுவரோரம் நிற்கிற அந்தப் பையனையோ பெண்ணையோ தேடிப் பிடியுங்கள். நன்றாயிருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் கொட்டாவி வந்தது என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.