டீக்கடை நூறடி வளர்ந்த கதை

என் மாமனாருக்கு ஷார்ஜாவிலிருந்து என் சகலை ஒரு கைக்கடிகாரம் அனுப்பியிருந்தார். மணியோடு, நிற்கிற இடத்தின் உயரத்தையும் காட்டும். கூடவே ஒரு வேண்டுகோள்: 'பேத்தி பிறந்து எட்டு மாசமாச்சு. ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க மாமா.'

கடிகாரத்தை ஏற்றுக் கொண்டார். வேண்டுகோளை நிராகரித்தார்.

காரணம், 1996 நவம்பர் 12. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி அருகே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். பேப்பரை மடித்து வைத்த மாமா, 'நமக்கு பஸ்ஸே போதும்' என்று அன்றே முடிவு செய்து விட்டார்.

போன மாசம் ஏற்காடு போனோம். காலை பத்து மணிக்கு அடிவாரத்தில் டீ. கடிகாரம் காட்டிய உயரத்தை மாமா பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக் கொண்டார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் உரக்க உயரம் அறிவித்தார். கண்டக்டர் முறைத்தார். மேலே போனதும் சிப்ஸ் பாக்கெட் பலூனாக உப்பியிருந்தது.

மாலை நாலு மணிக்கு அதே டீக்கடை, அதே பெஞ்சு.

"மாப்ளே, காலைல விட நூறடி ஜாஸ்தி காட்டுதுங்க! டீக்கடை வளந்துருச்சா?"

வளரவில்லை. கடிகாரம் அளப்பது காற்றழுத்தத்தை. மேலே போனால் அது குறையும். சிப்ஸ் பாக்கெட் உப்பியதும் அதனால்தான். நம் பக்கம் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் அதிகம்; மாலை நாலுக்கு மூன்று, நாலு மில்லிபார் குறைந்து விடும். மில்லிபாருக்குச் சுமார் 27 அடி. கணக்கு சரியாகப் போச்சு!

"ஏரோப்ளேன்லயும் இதே சமாச்சாரந்தானுங்களா?"

"ஆமாங்க மாமா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப நான் போகலீங்க."

சமாளித்தேன். உயரே பறக்கும் விமானங்கள் எல்லாம் 1013.25 மில்லிபார் என்ற ஒரே கணக்கில் கருவியை வைத்துக் கொள்ளும். தப்பென்றாலும் எல்லோருக்கும் ஒரே தப்பு, இடைவெளி மாறாது.

"ஒருத்தன் கருவி மட்டும் கெட்டுப் போச்சுன்னா?"

நான் பி.காம். நம் கணக்குப் புத்தகத்தை நம் புத்தகத்தை வைத்தே சரி பார்க்க முடியாது. பேங்க் பாஸ்புக் வேண்டும். 1996 அக்டோபரில் பெரு நாட்டில் ஒரு விமானத்தைக் கழுவியவர்கள், அழுத்தம் அளக்கும் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்து விட்டார்கள். ராத்திரி, கீழே கடல். விமானி தரையைக் கேட்டார். 9,700 அடி என்று பதில் வந்தது. விமானம் அனுப்பிய அதே பொய்க் கணக்குதான் தரையின் திரையிலும்! எழுபது பேரும் போனார்கள்.

அதனால்தான் வெளியிலிருந்து தணிக்கை. 29,000 முதல் 41,000 அடி வரை முன்பு 2,000 அடி இடைவெளி விட்டார்கள். 2003 நவம்பரில் இந்தியாவில் அதை 1,000 ஆக்கினார்கள். அங்கே பறக்க, விமானியின் இரண்டு முக்கிய உயரமானிகளும் 200 அடிக்குள் ஒத்துப் போக வேண்டும். அது போதாதென்று, தரை நிலையங்களாலும் ஜி.பி.எஸ். பெட்டிகளாலும் காற்றை நம்பாமல் நிஜ உயரத்தை அளந்து ஒப்பிடுகிறார்கள். ஒவ்வொரு கம்பெனியும் அவ்வப்போது தன் விமானங்களை இந்தச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும்.

"அப்ப ஹரியானால?"

"அங்க கருவி மேல தப்பு இல்லீங்க மாமா. 15,000 அடியில நிக்க வேண்டியது கீழ இறங்கிடுச்சு. அதுக்கப்புறந்தான் மோதப் போனா எச்சரிக்கிற கருவியைக் கட்டாயமாக்கினாங்க."

மாமா வெகு நேரம் பேசவில்லை. 349 பேர் செத்த பிறகா என்று நினைத்தாரோ என்னவோ. டீயை முடித்தார். கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"டிக்கெட் போடுங்க மாப்ளே. பேத்தி நடக்கிறதுக்குள்ள பாத்துரோணும். ஆனா ஒண்ணு, ஏர்றதுக்கு முந்தி ஒரு தடவை சுத்தி வந்து பாத்துக்கிறேன்..."

"என்னத்த மாமா?"

"டேப்பு ஒட்டியிருக்கான்னுதான்!"