தக்காணத்துப் படிக்கட்டு

'டெக்கான் ட்ராப்ஸ்' என்பதை ஒருமுறை 'தக்காணப் பொறிகள்' என்று மொழிபெயர்த்து, அச்சிலும் ஏற்றிவிட்டேன். ஏதோ எலிப்பொறி மாதிரி. 'ட்ராப்' ஸ்வீடிஷ் மொழியின் படிக்கட்டிலிருந்து வந்த சொல் என்று நிலவியல் ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை எழுதித் திருத்தினார். தமிழ் எம்.ஏ. அன்று கைகொடுக்கவில்லை.

அவுரங்காபாத்திலிருந்து (2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்) எல்லோராவுக்கு பஸ்ஸில் போனபோதுதான் அந்தப் படிக்கட்டு கண்ணில் பட்டது. குன்றுகளுக்குக் கூம்பு இல்லை. தட்டையான தலை, படிபடியாய் இறங்கும் சரிவு. எரிமலை என்ற சொல்லிலுள்ள மலையையே இங்கு காணோம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் பிளவுகள் வழியே பொங்கிய குழம்பு, அடுக்கின் மேல் அடுக்காகப் பரவி உறைந்தது. இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர்.

அப்படிப் பரவ விட்டது, சிலிக்காவின் பற்றாக்குறை. மணலில் இருக்கிற அதே சரக்குதான். குழம்பில் அது கூடக்கூட, சிலிக்கனும் ஆக்ஸிஜனும் கைகோத்துச் சங்கிலியாகிவிடும்; குழம்பு நகர மறுக்கும். தக்காணத்து பசால்ட்டில் சிலிக்கா பாதியளவுதான். சூடோ 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஆகவே ஓடியது. ஆந்திரத்தில் ராஜமுந்திரி அருகே கோதாவரிக் கரையில் கிடக்கும் பசால்ட்கூட, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடிவந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

முன்பு பார்த்த ஜோத்பூர் நினைவுக்கு வந்தது. அங்கே மெஹ்ரான்கர் கோட்டை நிற்பது ரயோலைட் பாறைமேல். 70 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. இந்த வகையில் சிலிக்கா 70 சதவீத அளவில் இருக்கும். ஆறிய களியில் ஆவி வெளியேறுமா? வாயு அடைபட்டு, அழுத்தம் ஏறி வெடித்தது. சிதறிய சாம்பல் சூட்டோடு ஒட்டி இறுகிய பாறையைக் கோட்டைப் பக்கம் இன்றும் பார்க்கலாம். அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள்.

எல்லோராவில் வாயு சண்டையின்றிப் போய்விட்டது. 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடர்கள் கைலாசக் கோயிலை உச்சியிலிருந்து கீழாகக் குடைந்தது, அமைதியாகப் படிந்த அந்தப் பாறையில்தான். எல்லாக் குமிழியும் தப்பவில்லை. சில இடங்களில் அவை உள்ளேயே உறைந்து, பிற்பாடு தாதுக்கள் நிரம்பி வெண்புள்ளிகளாகியுள்ளன. அப்படி ஒன்றைத் தடவிப் பார்க்க விரலை நீட்டினேன். காவலாளி மராத்தியில் அதட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.