வாப்பாவின் சந்தாபுரி

எங்கள் ஊரில் "வாப்பா எங்கே?" என்று யாராவது கேட்டால் பல வீடுகளில் பிள்ளைகள் சொல்லும் பதில் "பாங்கொக்" என்பதுதான். பேருவளை சீனன்கோட்டையில் வளரும் பிள்ளைகளுக்கு அது ஒரு நாட்டின் தலைநகரம் மட்டுமல்ல. வாப்பா வீட்டில் இல்லாத நாட்களுக்கும் அதுவே பெயர். உண்மையில் அவர்களில் பலர் பாங்கொக்கில் தங்குவதும் இல்லை. அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தள்ளி, கம்போடிய எல்லைக்குப் பக்கமாக உள்ள சந்தாபுரி என்ற சிறு நகருக்குப் போய்விடுகிறார்கள். மாணிக்கக் கல் விற்கவும் வாங்கவும்தான். என் வாப்பா அங்கே போய் வரத் தொடங்கியது நான் பிறப்பதற்கு முன்பு.

கடந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, உம்மாவையும் என்னையும் வாப்பா தன்னோடு அழைத்துப் போனார். இரவு விமானத்தில் கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்டு, விடியற்காலையில் பாங்கொக்கில் இறங்கி, எக்கமாய் பஸ் நிலையத்துக்கு வந்தபோது மணி எட்டு ஆகப்போகிறது. சரியாக எட்டுக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், துடைப்பத்தோடு நின்ற பெண், எல்லோரும் அப்படியே அசையாமல் நின்றார்கள். நாங்களும் நின்றோம். கீதம் முடிந்ததும் எதுவும் நடக்காதது போல எல்லோரும் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். இது அங்கே தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் நடப்பதாம்.

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பஸ் பயணம். கடைசி ஒரு மணித்தியாலம் இரு பக்கமும் டூரியன் தோட்டங்கள்.

சந்தாபுரி என்றால் சந்திரனின் ஊர் என்று பொருள். 'சந்திர'வும் 'புரி'யும் தாய் மொழிக்குள் போய் கொஞ்சம் உருமாறிக் கிடக்கின்றன. காலால் நடந்தே பார்த்து முடிக்கக்கூடிய ஊர் அது. ஆற்றோரமாக ஒரு பழைய தெரு இருக்கிறது. கீழே கடையும் மேலே வீடுமாக, நூறு வருடம் கடந்த மரவீடுகள். சீனர்களும் வியட்நாமியர்களும் வந்து குடியேறிய தெரு. நடைபாலத்தால் ஆற்றைக் கடந்தால் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய கத்தோலிக்கத் தேவாலயம். வியட்நாமில் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அதைச் சுற்றி வாழ்கிறார்கள். மரியாளின் சிலை ஒன்றை இவ்வூர் நீலக்கற்களால் அலங்கரித்து அங்கே வைத்திருக்கிறார்கள் என்று வாப்பா சொன்னார். நாங்கள் வெளியே நின்றே பார்த்துவிட்டுத் திரும்பினோம். உம்மாவின் கண் முழுக்கத் தெருவில் விரித்து வைத்திருந்த பாய்களில் இருந்தது. சந்தாபுரிப் பாய் அந்த நாட்டில் பேர்போனது. நம் பன்பாய் போன்றதுதான், ஆனால் அதையே கைப்பையாகவும் தட்டு விரிப்பாகவும் தைத்து வைத்திருந்தார்கள். உம்மா விலை பேசிய விதத்தை இங்கே எழுதினால் இடம் போதாது. இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை; கல்குலேட்டர் மட்டும் கை மாறிக்கொண்டே இருந்தது. ஒரு பாத் நம் காசில் எட்டு ரூபாய்க்கு மேல் என்று நான் நினைவூட்டிய பிறகுதான் உம்மா கொஞ்சம் அமைதியானார்.

அந்த ஊர் தெருவில்தான் சமைக்கிறது, தெருவில்தான் சாப்பிடுகிறது. மோட்டார் சைக்கிளோடு பொருத்திய தள்ளுவண்டியில் அடுப்பு, கறி, கீரை, ஐஸ் எல்லாம் இருக்கின்றன. அதை ஓட்டி வருவது பெரும்பாலும் ஒரு பெண். வாசனை வயிற்றைக் கிள்ளும். ஆனால் அதே சட்டியில் அடுத்ததாக எது விழும் என்று நமக்குத் தெரியாது. "மை ஸை மூ", அதாவது பன்றி இறைச்சி போடாதது, என்ற மூன்று சொல்லைப் பாடமாக்கியிருந்தேன். வாப்பா சிரித்தார். "அது போடாட்டியும் சட்டி அதே சட்டிதானே மகள்." செவன் இலெவன் கடையில் ஒவ்வொரு பக்கற்றையும் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரை தேடினோம். பன், கடலை, தயிர் என்று நிறையவற்றில் அந்த அரபு எழுத்து இருந்தது. பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு, ஆனாலும் இஸ்லாமிய சபையின் முத்திரைக்கு அங்கே பெரிய மதிப்பு.

சமைத்த சாப்பாட்டுக்கு வாப்பா எங்களை ஒரு சந்துக்குள் அழைத்துப் போனார். ஸ்கார்ப் அணிந்த ஒரு தாய்லாந்துப் பெண்ணின் கடை. ஆறு மேசைதான். அதில் நீண்ட ஜுப்பா போட்ட கினி நாட்டவர், மாலி நாட்டவர், இந்தியர், நம் ஊர்க்காரர் இருவர். யாருக்கும் யாருடைய பாஷையும் முழுதாகத் தெரியாது. ஸலாம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் மாட்டிறைச்சி போட்ட அரிசி நூடில்ஸ் சாப்பிட்டேன். 'பாட் தாய்' செய்ய எடுக்கும் அந்த மெல்லிய நூடில்ஸை 'சென் சான்' என்பார்கள். அந்தச் 'சான்' இந்தச் சந்தாபுரியேதான். மிளகும் இந்த ஊரில் விளைகிறது. அதனால் குழம்பு நம் நாக்குக்கு ஒத்துவந்தது.

பழங்களுக்கு எந்த முத்திரையும் தேவையில்லை. ரம்புட்டானும் மங்குஸ்தீனும் குவித்துக் கிடந்தன. மங்குஸ்தீனைப் பார்த்ததும் உம்மா, "இது நம்மட களுத்துறையில இல்லாததா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கிலோ வாங்கினார். டூரியனை அங்கே விற்கும் முறை வேறு. காம்பால் தட்டித் தட்டிச் சத்தத்தைக் கேட்டு, பழுத்த பதத்தை விற்பவரே சொல்லிவிடுவார். ஓட்டைப் பிளந்து சுளையை மட்டும் எடுத்துத் தட்டில் வைத்துத் தருவார். ஹோட்டலுக்குள் கொண்டுபோக முடியாது. வாசலிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே நடைபாதையில் உட்கார்ந்து மூவருமாகத் தின்று முடித்தோம். வாப்பா தெருவோரம் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

கல் வீதி வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்கள்தான் சூடு பிடிக்கும். நம் ஊரில் வாங்குபவர் கல்லைத் தேடி நடப்பார். அங்கே வாங்குபவர் வாடகைக்கு ஒரு மேசை எடுத்து உட்கார்ந்துவிடுவார். கல் அவரைத் தேடி வரும். என்ன கல், என்ன அளவு வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுவார்கள். தரகர்கள் வெள்ளைக் கடதாசியில் மடித்த கற்களோடு மேசை மேசையாக வருவார்கள். பிடித்த கல்லுக்கு வாங்குபவர் ஒரு விலை சொன்னால், அந்த மடிப்பை ஒட்டி, மேலே விலையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். தரகர் அதை அப்படியே உரிமையாளரிடம் கொண்டுபோவார். பதில் வரும்வரை அந்த மடிப்பை வேறு யாருக்கும் திறந்து காட்டக் கூடாது. கூச்சலும் இல்லை, எழுதிய ஒப்பந்தமும் இல்லை. இலட்சக்கணக்கான பாத் ஒரு துண்டு டேப்பை நம்பி நடக்கிறது.

அந்த ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் சிவப்புக் கல் நிறையக் கிடைத்தது. இப்போது சுரங்கங்கள் பெரும்பாலும் வற்றிவிட்டன. கைத்திறன் மட்டும் வற்றவில்லை. மடகஸ்கார், மொஸாம்பிக், மியன்மார், இலங்கை என்று எங்கெங்கோ தோண்டிய கற்கள் அங்கே வந்து சூடேறி, பட்டை தீட்டி, விலையாகின்றன. இதில் நமக்கு ஒரு கசப்பான கதை உண்டு. பால் கலந்தது போல் மங்கிய 'கெவுட' கற்களை நம்மவர்கள் பெறுமதி இல்லாதது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அவற்றை அற்ப விலைக்கு அள்ளிச் சென்றார்கள். 1,600 பாகை செல்சியசுக்கும் மேலான உலையில் வைத்தால் அந்தப் பால் நிறம் கரைந்து நீலம் பிறக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்லுக்குள் ஊசிபோல் கிடக்கும் தைத்தேனியம் ஒட்சைட்டு கரைந்து, இரும்போடு சேர்ந்து நிறம் தருகிறது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும்போது இந்த இடம் வந்தால் நான் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறேன். உப்பப்பா கெவுடக் கற்களை முற்றத்து மணலோடு கொட்டியவர் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

சனிக்கிழமை காலை மேசையில் வாப்பாவைப் பார்த்தபோது வேறு யாரையோ பார்ப்பது போல் இருந்தது. வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அங்கே தாய் மொழியில் சரளமாகப் பேசுகிறார், பகிடி விடுகிறார், எதிரில் இருப்பவர்கள் விழுந்து சிரிக்கிறார்கள். அந்தப் பகிடி ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அவர் மாதத்தில் பாதி நாள் தங்கும் அறையையும் பார்த்தோம். இரண்டாம் மாடியில் ஒரு கட்டில், தொழுகை விரிப்பு, ஒரு ரைஸ் குக்கர். யன்னல் ஓரத்தில், உம்மா ஒவ்வொரு பயணத்துக்கும் சீனிச் சம்பல் அடைத்துக் கொடுக்கும் போத்தல்கள், கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருந்தன. உம்மா அவற்றை எண்ணினார் போல. ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அந்த ரைஸ் குக்கரில் சோறும், மீன் வாங்கி வந்து ஆணமும் ஆக்கினார்.

அந்த வீதியில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது பெண்கள்தான். தரகர்களில் பெண்கள், மேசை போட்டு வாங்குபவர்களில் பெண்கள், தராசுக்குப் பின்னால் பெண்கள். உம்மாவின் வயது மதிக்கத்தக்க ஒருவர் வாப்பாவோடு நீண்ட காலம் வியாபாரம் செய்பவர். என்னை அருகில் அழைத்து, சாமணமும் லென்ஸும் தந்து, இரண்டு நீலக்கற்களை முன்னால் வைத்தார். எது சூடாக்கியது என்று பார்க்கட்டுமாம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கவே ஐந்து நிமிடம் போனது. பிறகு தெரிந்தது. ஒன்றில் பட்டு நூல் போன்ற கோடுகள் முழுதாக இருந்தன. மற்றதில் அதே கோடுகள் அறுந்து புள்ளி புள்ளியாகக் கிடந்தன. புள்ளியுள்ளதைத் தொட்டுக் காட்டினேன். அந்த அம்மா மேசையைத் தட்டிச் சிரித்து ஏதோ சொன்னார். வாப்பா மொழிபெயர்க்கவில்லை.

அஸருக்குப் பிறகு ஆற்றோரம் நடக்கும்போதுதான் கேட்டேன்.

"அவ சொன்னா, இந்தப் பிள்ளைய இங்க உட்டுட்டுப் போங்க, ஒரு கதிரை போட்டுக் குடுக்கிறன் எண்டு."

"அப்ப நம்மட ஊர்ல, வாப்பா?"

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "நம்மட ஊர்ல அப்படிக் கதிரை போட்டு இன்னும் பழக்கமில்லை மகள்" என்றார். குரலில் கோபம் இல்லை. யோசித்துச் சொன்னது போல்தான் இருந்தது. கதீஜா நாயகி (ரழி) அவர்களின் வணிகத்தைப் பற்றி சிறு வயதிலிருந்தே பாடமாகப் படிப்பதை நான் சொன்னேன். உம்மா என் கையைக் கிள்ளினார். வாப்பா, "படிப்ப முடிங்க, கல்லப் பத்திப் படிக்கவும் பாடங்கள் ஈக்குது" என்று மட்டும் சொன்னார். அதை ஆம் என்று எடுப்பதா, இல்லை என்று எடுப்பதா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

ஆனால் ஒரு விடயம் மாறியிருக்கிறது. வாப்பா சந்தாபுரியிலிருந்து வந்தால், இஷாவுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் வெள்ளைக் கடதாசி விரித்துக் கற்களைப் பார்ப்பது வழக்கம். முன்பெல்லாம் நாநாவை மட்டும்தான் கூப்பிடுவார். இப்போது என்னையும் கூப்பிடுகிறார். நாநாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். "பரீட்சை வருது, பிள்ளைய உடுங்க" என்று உம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார். வாப்பா கேட்காதது போல லென்ஸை என் பக்கம் நகர்த்தி, "இதுல பட்டு எங்க ஈக்குது, பாருங்க" என்பார்.