பனிமலையில் காயும் வெயில்

சித்திரை மாதத்தில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்திருக்கிறீர்கள் அல்லவா? வெயில் என்றாலே நமக்குச் சூடுதான் ஞாபகம் வரும். ஆனால், சூரிய ஒளியை மின்சாரமாக்குகிற தகடுகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு வேண்டியது வெளிச்சம்தான். சூடு ஆகவே ஆகாது. சூடு ஏற ஏற, உச்சி வெயிலில் அலைந்துவிட்டு வந்த மனிதரைப் போல் அவையும் சோர்ந்து போகின்றன! வெளிச்சமும் வேண்டும், குளிர்ச்சியும் வேண்டும் என்றால் எங்கே போவது? மலை உச்சிக்குத்தான்.

ஸ்விட்ஸர்லாந்துக்காரர்கள் அப்படித்தான் போயிருக்கிறார்கள். கிளாரஸ் மாநிலத்தில், சுமார் 2,500 மீட்டர் உயரத்தில், முட்ஸே என்று ஓர் அணை. ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளம். அதன் சுவரில் ஏறக்குறைய 5,000 தகடுகளைப் பதித்து, 2022-இல் வேலையை முடித்தார்கள். சாமான்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்ததாம். பனி இல்லாத சில மாதங்களில்தான் அங்கே வேலை செய்யவே முடியும்!

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். குளிர்காலம் அவர்களுக்குப் பெரிய சோதனை, அம்மா! வானத்திலிருந்து விழுவதெல்லாம் பனியாக மலையிலேயே தங்கிவிடுவதால் ஆறுகள் இளைத்துவிடுகின்றன; நீர் மின்சாரம் குறைகிறது. அந்தச் சமயம் பார்த்துத்தான் வீட்டைச் சூடாக்க மின்சாரம் அதிகம் வேண்டும். அண்டை நாடுகளிடம் கை நீட்டுகிறார்கள். சமவெளியில் தகடு வைத்தாலோ, நாள்கணக்கில் மூடுபனி சூரியனை மறைத்துவிடுகிறது. மலையின் மேலே அந்த மூடுபனி காலடியில் கிடக்க, பளீரென்று வெயில்! தரையில் கிடக்கும் பனியும் கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தகடுகள் செங்குத்தாகச் சாய்ந்திருப்பதால், அவற்றின்மேல் விழும் பனி வழுக்கி விழுந்துவிடும். ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 33 லட்சம் யூனிட்டில் ஏறக்குறையப் பாதி, குளிர்கால அரையாண்டிலேயே கிடைத்துவிடுகிறதாம்.

யானைப் பசிக்குச் சோளப்பொரிதான், மறுக்கவில்லை. பக்கத்திலேயே உள்ள நீர் மின் நிலையத்தின் சக்தி 1,000 மெகாவாட். இந்தத் தகடுகளுடையதோ 2.2 தான். சரி, மலைச்சரிவு முழுவதும் தகடு வைத்துவிட்டால் என்ன? அதற்குத்தான் சண்டை. 2022-இல் பாராளுமன்றம் தாராளமாக மானியம் கொடுத்துச் சட்டம் செய்தது. ஆனால், வாலிஸ் மாநிலத்தில் இத்தகைய திட்டங்களுக்குச் சீக்கிரமாக அனுமதி தருவதா என்று 2023 செப்டம்பரில் ஜனங்களையே கேட்டபோது, 'வேண்டாம்' என்று பெரும்பான்மையோர் சொல்லிவிட்டார்கள். மாடு மேயும் புல்வெளியையும், கண்ணுக்கு நிறைந்த மலையையும் இழக்க யாருக்கு மனசு வரும்?

எனக்கென்னவோ அணைச் சுவர்தான் நல்ல யுக்தியாகப் படுகிறது. புல் முளைக்காத வெறும் சிமெண்டுச் சுவர். மின்சாரக் கம்பியும் ஏற்கெனவே அங்கே போயிருக்கிறது. அந்த மின்சாரத்தை 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்தது யார் தெரியுமோ? டென்னர் என்ற மளிகைக் கடைக்காரர்கள்!