அம்மாவின் நெஞ்சிலிருக்கும் நிரல்

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் உரிமங்களைப் படிப்பது என் வேலை. எங்கள் பொறியாளர்கள் வெளியிலிருந்து எடுத்துச் சேர்க்கும் ஒவ்வொரு நிரலுக்கும் என்ன நிபந்தனை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூலநிரலைத் திறந்து காட்ட வேண்டுமா, மூடி வைத்துக்கொள்ளலாமா, யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா? பன்னிரண்டு வருடங்களாக இதுதான். கூட்டங்களில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண். கட்டற்ற மென்பொருளா, தனியுரிம மென்பொருளா என்ற விவாதம், எந்த பைக் ஒசத்தி என்று பையன்கள் சண்டை போடுவதுபோல அங்கே நடக்கும். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்த பிறகு அந்த விவாதம் என் காதில் வேறு மாதிரி விழ ஆரம்பித்தது.

அம்மா கணக்கு எழுதுகிறவள். பால் கணக்கு, ரேஷன் கணக்கு, எந்த மாத்திரையை எந்தத் தேதியில் ஆரம்பித்தாள் என்பது வரை டைரியில் இருக்கும். பரிசோதனைக்குப் போனால் கருவி விற்ற கம்பெனியின் டெக்னீஷியன் வருவார். நெஞ்சின்மேல் ஒரு சாதனத்தை வைத்து, திரையைப் பார்த்து, ஏதோ மாற்றி, “எல்லாம் நார்மல்மா” என்பார். ஒருமுறை அம்மா கேட்டாள்: “எப்பத் துடிக்கணும், எப்பச் சும்மா இருக்கணும்னு இது எப்படிப்பா முடிவு பண்ணுது?” அவர் சிரித்தார். “அதெல்லாம் கம்பெனி ரகசியம்மா.”

“என் நெஞ்சுக்குள்ள இருக்கறது எனக்கே ரகசியமா?” என்றாள் அம்மா. வீடு வரும்வரை வேறெதுவும் பேசவில்லை.

இதே கேள்வியை நியூயார்க்கில் ஒரு பெண் வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். கேரன் சாண்ட்லர். கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குச் சட்ட உதவி செய்துவந்தவர். இதயத் தசை தடித்துப்போகும் நோய் அவருக்கு இருந்தது. எந்த நேரமும் இதயம் நின்றுவிடலாம் என்பதால், தேவைப்பட்டால் மின் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றும் டிஃபிப்ரிலேட்டரை உடலில் பொருத்தச் சொன்னார்கள். “இதில் என்ன மென்பொருள் ஓடுகிறது? மூலநிரலைப் பார்க்கலாமா?” என்று தயாரிப்பு நிறுவனங்களிடம் கேட்டார். ஒன்றும் தரவில்லை. உயிர் முக்கியம், கருவியைப் பொருத்திக்கொண்டார். 2010இல் உடலுக்குள் வைக்கும் மருத்துவக் கருவிகளின் மென்பொருளைப் பற்றிச் சக ஊழியர்களோடு சேர்ந்து அறிக்கை எழுதி வெளியிட்டார்.

பிறகு அவர் கருவுற்றார். கர்ப்ப காலத்தில் படபடப்பு வருவது பல பெண்களுக்குச் சாதாரணம். கருவி அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் அவருக்கு மின் அதிர்ச்சி கொடுத்தது. நிரலைத் திருத்த வழியில்லை. அதனால் உடலைத் திருத்தினார்கள்: இதயத் துடிப்பைக் குறைக்க மருந்து கொடுத்தார்கள். மாடிப்படி ஏறுவதே சிரமமாகிப்போனது. பிரசவத்துக்குப் பின் அந்தச் சிக்கல் தானாகவே போய்விட்டது.

இந்தக் கருவியைப் பொருத்திக்கொள்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். அவர்களிலும் ஆண்களே அதிகம். கருவுற்ற பெண்கள் மிகச் சொற்பம். யாரும் கெட்ட எண்ணத்தோடு அந்த நிரலை எழுதியிருக்க மாட்டார்கள். எழுதும்போது கர்ப்பிணியின் இதயம் யார் நினைவுக்கும் வந்திருக்காது, அவ்வளவுதான். சமையலறை மேடையின் உயரத்திலிருந்து மாத்திரையின் அளவுவரை இந்த “அவ்வளவுதான்” நமக்குப் பழக்கமானது. மேடை உயரமென்றால் பலகை போட்டு ஏறி நிற்கலாம். பூட்டிய நிரலுக்கு என்ன செய்வது?

அந்தப் பூட்டு ஒன்றல்ல. நிரலின் வரிகளுக்குப் பதிப்புரிமை. வரிகளைக் காட்டாமல் வைத்துக்கொள்ளத் தொழில் ரகசியம். அது வேலை செய்யும் முறைக்குக் காப்புரிமை. காப்புரிமைதான் விசித்திரமானது. கண்டுபிடிப்பை ஊருக்கு விளக்கிச் சொல், பதிலுக்கு இருபது வருடம் அது உனக்கு மட்டும் என்பது அரசு செய்யும் பேரம். மென்பொருளில் உரிமையை வாங்கிக்கொள்கிறார்கள், மூலநிரலைக் காட்டுவதில்லை. இன்னொருத்தி தன் மூளையால் யோசித்து அதே முறையில் வேறு நிரல் எழுதினாலும் வழக்கு அவள்மேல் வரும். கட்டற்ற மென்பொருள்காரர்கள் காப்புரிமையைக் கண்டு அஞ்சுவது இதனால்தான்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் தனித்து நின்றால் காப்புரிமை கிடையாது என்கிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தது. எதிர்ப்பு கிளம்பியது. 2005இல் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டது. ஆனாலும் “தனித்து” என்ற சொல்லை வைத்து வழக்கறிஞர்கள் இன்னும் பிழைக்கிறார்கள். கருவியோடு சேர்ந்த நிரல் என்று விண்ணப்பித்தால் வழி பிறந்துவிடுகிறது. அம்மாவின் நெஞ்சில் இருப்பது கருவியோடு சேர்ந்த நிரல்.

திறந்து வைத்தால் திருடர்கள் நுழைவார்கள் என்பது நிறுவனங்களின் பதில். 2017இல் அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களின் மென்பொருளைப் பாதுகாப்புக் குறைபாட்டுக்காகப் புதுப்பிக்க வேண்டிவந்தது. அவையெல்லாம் பூட்டிய நிரல்கள்தான். பூட்டு, ஓட்டையை அடைக்கவில்லை.

திறந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்றும் நான் சொல்ல மாட்டேன். லினக்ஸ் கணினிகளின் முகப்பை உருவாக்கும் க்னோம் திட்டத்துக்கு, 2006இல் கூகுளின் கோடைகாலப் பயிற்சி வழியாக 181 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுகூடப் பெண்ணுடையது இல்லை. பெண்களுக்கென்று தனியாக அறிவித்ததும் நூறு பெண்கள் விண்ணப்பித்தார்கள். கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வா என்று கூப்பிடுவது வேறு. அந்த முயற்சிதான் பின்னால் அவுட்ரீச்சி என்ற பயிற்சித் திட்டமாக வளர்ந்தது. அதை வளர்த்தவர்களில் சாண்ட்லரும் ஒருவர்.

அவர் தலைமை வகிக்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, 2021இல் விசியோ என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின்மேல் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. கட்டற்ற நிரல்களை எடுத்துப் பெட்டியில் போட்டு விற்றுவிட்டு, உரிமம் சொல்கிறபடி மூலநிரலைத் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. நிரலை எழுதியவர்களாக அவர்கள் வழக்குப் போடவில்லை, தொலைக்காட்சியை வாங்கியவர்களாகப் போட்டார்கள். நஷ்டஈடு கேட்கவில்லை, மூலநிரலைக் கேட்டார்கள். உரிமங்களையே படித்துக் காலம் தள்ளும் எனக்கு இது பெரிய விஷயம். ஒரு பொருள் யார் வீட்டில் இருக்கிறதோ, அவளுக்கும் அந்த உரிமத்தில் பேச இடமுண்டு என்கிற வாதம் அது. வீட்டில் இருக்கும் பெட்டிக்கே அப்படியென்றால், உடலில் இருக்கும் கருவிக்கு?

“உங்க அம்மாவுக்கு நிரல் படிக்கத் தெரியுமா? மூலநிரல் எதுக்கு?” என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். ஸ்கேன் படத்தையும் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த உறையை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறாள். ஒரு டாக்டர் சொல்வது மனதுக்குச் சரியாகப் படவில்லையென்றால், அதைத் தூக்கிக்கொண்டு படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் போவாள். அவள் நெஞ்சுக்குள் ஓடும் நிரலுக்கு அப்படி ஓர் உறை இல்லை. அந்த உறையைத்தான் கேட்கிறோம்.